அறுநூற்றுப் பன்னிரண்டாம் நிலம்

“நைனா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கேக்கறதைப் பொறுத்து.”

“நான் கோபாலைக் கட்டிக்கலாம்னு கீறேன்.”

“எந்தக் கோபாலு?”

“ஊர்ல எத்தினி கோபாலு கீறாங்க?”

“வால்வு கம்பெனில ஷிப்ட்டுக்குப் போறானே, அவனா?”

“அவருதான்.”

“கோதண்டத்தோட புள்ளையா?”

“பின்ன, அவருக்கு இன்னா ரெண்டு அப்பனா?”

இந்தப் பேச்சு நடந்தது போன பங்குனியில். எல்லப்பன் அப்போது வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகள் லீலா சொல்லி முடித்ததும் கடலையைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டார். அதைத் துப்பவும் தோன்றாமல் மென்றுகொண்டே, “அவங்க வூட்டுல வந்து கேக்கட்டும். பையன் வூட்டுக்காரங்கதான வந்து கேக்கணும்? முறை அதுதான?” என்றார்.

“முறை அதுதான். ஆனா கோதண்டம் மாமா இன்னா சொல்றாராம் தெரியுமா? ‘பேச மாட்டேன்னு சொன்னது எல்லப்பன். அவன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், நான் வெத்தல பாக்கு தட்டோட ஓடியாரேன்’னு சொல்றாராம். நீ கேட்டுடு நைனா. நான் ஓடிப்போயி கட்டிக்கறவ இல்ல. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து ஆசீர்வாதம் பண்ணாத்தான் எனக்குக் கல்யாணம்.”

“பாக்கலாம்” என்றார் எல்லப்பன்.

அந்தப் ‘பாக்கலாம்’ பங்குனியில் பிறந்தது. சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் தாண்டி, ஆடியும் கழிந்து ஆவணிக்கு வந்துவிட்டது. இன்னும் ‘பாக்கலாம்’தான்.

மனசு இல்லாமல் இல்லை. கோபாலை எல்லப்பனுக்குப் பிடிக்கும். எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, “இன்னா மாமா, சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். பிள்ளையோடு பேசலாம், தப்பில்லை. பேச மாட்டேன் என்று சொன்னது அப்பனோடுதானே? அந்த அப்பனிடம் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தால்தான் எல்லப்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லப்பனும் கோதண்டமும் ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் காஞ்சிபுரம் போய் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள். மாமன் மச்சான் முறை. பென்னலூரில் இருவர் நிலமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு வரப்பு. ஆதியில் அதன் மேல் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கலாம். வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்புப் புல்லை மண்வெட்டியால் செதுக்குவது வழக்கம். எல்லப்பன் தன் பக்கம் செதுக்குவார். கோதண்டம் தன் பக்கம் செதுக்குவார். புல்லோடு கொஞ்சம் மண்ணும் வரத்தான் செய்யும். வந்த மண்ணைத் திரும்ப ஒட்டவா முடியும்? இருவருமே நல்ல உழைப்பாளிகள் என்பதால் வரப்பு சீக்கிரமே இளைத்துவிட்டது. கடைசியில் ஒரு கோழி போனால்கூட நின்று யோசித்துக் கால் வைக்கிற கதிக்கு வந்தது.

லீலா தாவணி போட்ட வருஷம் அது. நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு அந்த வரப்பின் மேல் வந்த எல்லப்பன், கால் வழுக்கி, டீத்தூக்கோடு கோதண்டத்தின் சேற்றில் மல்லாந்தார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். கோதண்டம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “மச்சான், மெதுவா எழுந்து போ. ஆனா வேட்டில ஒட்டிக்கினு கீதே, அந்தச் சேறு என் நெலத்துது. அலசி ஊத்திட்டுப் போ” என்றார்.

“இனிமே ஒன்கூட ஒரு வார்த்தை பேசினா என் பேரு எல்லப்பன் இல்லடா!”

அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

*

லீலாவுக்கு வேலை ஸ்ரீபெரும்புதூரில். படம் வரையும் படிப்பு படித்தவள். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, அதற்கு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு திட்ட அலுவலகம் திறந்திருந்தார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதற்கென்று குளிர்சாதன அறை. அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன பாப்பம்மாள், வெளியே கிடந்த செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“அதுல இன்னாதான்டி பண்றீங்க?” என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

“ஊரு, நெலம், கெணறு, ரோடு எல்லாத்தையும் உள்ள ஏத்தி வைக்கிறோம்மா.”

“படமா?” என்றார் எல்லப்பன்.

“அதுக்குப் படம் தெரியாது நைனா. நம்பர்தான் தெரியும். நெலத்துப் படத்தைப் பலகை மேல ஒட்டிட்டு, மூலைக்கு மூலை ஒரு குறிப்பானை வச்சு அமுக்குவேன். அந்த மூலை கிழக்கால எவ்ளோ தூரம், வடக்கால எவ்ளோ தூரம்னு ரெண்டு நம்பரா அது வாங்கி வச்சிக்கும். கெணறுன்னா ஒரே ஒரு புள்ளி. ரோடு, வாய்க்கா எல்லாம் கோடு. கோடு சுத்திக்கினு வந்து ஆரம்பிச்ச எடத்துலயே முட்டிச்சின்னா அது ஒரு நெலம். அந்த நெலத்துக்கு ஒரு நம்பரு, ஒரு சொந்தக்காரரு.”

“வரப்பு?”

“அதுவும் கோடுதான். அகலம் கெடையாது.”

“அகலமே இல்லாத வரப்புல மனுசன் எப்பிடி நடக்கிறது?”

“இப்ப மட்டும் நடந்துக்கினா கீற?” என்றாள் பாப்பம்மாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

எல்லப்பன் அதைக் காதில் வாங்காதவர் போல, “இதை வச்சு இன்னா பண்ணுவாங்க?” என்றார்.

“கெணறு எல்லாம் தனியா ஒரு அடுக்கு, ரோடு தனியா ஒரு அடுக்கு, நெலம் தனியா ஒரு அடுக்குன்னு பிரிச்சு வச்சிருக்கோம். ‘மெயின் ரோட்டுக்கு அரை மைலுக்குள்ள, கெணறு இல்லாத புஞ்சை எதெது?’ன்னு கேட்டா, அடுக்கையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்து, நம்பரைச் சொல்லிடும்.”

“இது இன்னா பெரிய விசயம்? சோறு ஒரு சட்டில, கொழம்பு ஒரு சட்டில, பொரியல் ஒரு சட்டில. எவன் இன்னா கேக்குறானோ அதை மட்டும் கலந்து போடுறது. நான் தெனம் பண்றேன், எனக்கு எவன் ஏ.சி. போட்டான்?” என்றாள் பாப்பம்மாள்.

*

கோளாறு எங்கே ஆரம்பித்தது என்றால், ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக ஒரு தாள் இருந்ததில்தான். தாள் தாளாகத்தான் லீலா ஏற்றினாள். ஆகவே இரண்டு நிலத்துக்கு நடுவே இருக்கிற ஒவ்வொரு வரப்பும் இரண்டு தரம் உள்ளே போனது: இந்த நிலத்தின் ஓரமாக ஒரு தரம், அந்த நிலத்தின் ஓரமாக இன்னொரு தரம். கை சுத்தமாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். லீலாவின் கை சுத்தமான கைதான். ஊர் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்தன, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அப்பா நிலத்தின் தாள் வந்தபோது அவளுக்குக் கை கூசியது. ‘ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு அப்பனுக்குச் சேத்துப் போட்டுக்கினா’ என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே! கோதண்டத்தின் பக்கத்து வரப்பில் மட்டும் கோட்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கோதண்டம் நிலத்தின் தாள் வந்தது. இப்போது வேறு பயம். ‘மாமனார் ஆகப்போறவருக்கு வாரிக் குடுத்துட்டா’ என்று அப்பாவே சொன்னால்? அங்கேயும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளினாள்.

படத்தில் மயிரிழை என்பது நிலத்தில் இரண்டு அடிக்கு மேல். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்ததில் நடுவே ஐந்து அடி அகலத்தில், வரப்பு நீளத்துக்கு, யாருடையதும் இல்லாத ஒரு துண்டு விழுந்தது. கோடு சுற்றிவந்து முட்டினால் நிலம் என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. பென்னலூருக்கு அதுவரை அறுநூற்றுப் பதினோரு நிலம். மெஷின் தயங்காமல் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு நம்பர் போட்டு, சொந்தக்காரர் பெயர் எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. பெயர் போடாவிட்டால் ஊரையே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றது.

அலுவலக அதிகாரி ஏகாம்பரநாதன் காஞ்சிபுரத்துக்காரர். நல்லவர். ஆனால் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். அன்று லீலா அரை நாள் லீவில் இருந்தாள். அவளைக் கேட்கும் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. நிலம் இருந்தால் சொந்தக்காரர் இருக்க வேண்டும், இல்லையென்றால் தேட வேண்டும். தேடுவதற்கு சர்க்காரில் ஒரு வழி உண்டு என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலை பென்னலூரில் தண்டோரா போட்டார்கள்.

“இதனால் சகலமானவருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, நம்ம ஊர்ல அறுநூத்திப் பன்னெண்டாம் நம்பர் நெலத்துக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா...”

ஊரில் இல்லாத நிலத்துக்கு ஊரில் இல்லாத சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பினார்கள். தன் பாட்டன் சாகும்போது ‘ஒண்ணு மறந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான், அது இந்த நிலம்தான் என்றார் ஒருவர். இன்னொருவர், தான் பிறந்ததே அதில்தான் என்றார். பிறக்கிறதுக்கு அந்த அகலம் போதுமா என்று கேட்டதற்கு, அந்தக் காலத்தில் குழந்தைகள் சிறிதாகத்தான் பிறக்கும் என்று பதில் சொன்னார்.

இவர்களெல்லாம் சும்மா தமாஷ். தணிகாசலம் அப்படி இல்லை. அவர் நிலத் தரகர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, படபடவென்று ஓடும் ஒரு மோட்டார் சைக்கிள். எல்லப்பன், கோதண்டம் இருவர் நிலத்துக்கும் பின்னால் இருந்த மேட்டுப் புஞ்சையைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்கலாம் என்று சத்தமில்லாமல் வாங்கிப் போட்டிருந்தார். அதற்கு ரோட்டிலிருந்து வழி இல்லை. வழி இல்லாத இடத்தை எந்தக் கம்பெனிக்காரன் தொடுவான்? அந்த நேரத்தில் சர்க்காரே தமுக்கு அடித்து, ரோட்டிலிருந்து மேடு வரைக்கும் ஒரு துண்டு இருக்கிறது என்று கூவினால், அவர் விடுவாரா? அது தன் மாமியார் வீட்டார் காலத்து வண்டிப் பாதை என்று அன்றைக்கே மனு கொடுத்துவிட்டார். முதலில் ஐந்து அடி பாதை. பிறகு லாரி திரும்பக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். இப்படியே போனால் நிலத்தில் என்ன மிஞ்சும் என்று எல்லப்பன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

சாயங்காலம் லீலா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

“ரெண்டு பக்கமும் நாயமா இருக்கணும்னுதான் நைனா...”

“ரெண்டு பேருக்கும் நாயமா இருந்து மூணாவது ஆளுக்குக் குடுத்துட்டியே!”

“நீ வேணும்னே பண்ணியாடி?” என்று பாப்பம்மாள் சந்தேகமாகக் கேட்டாள்.

“மயிரிழையை யாராச்சும் வேணும்னு போட முடியுமாம்மா?” என்று லீலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு வரப்பை ரெண்டு தரம் ஏத்தினதுதான் தப்பு, ஒரே கோடாப் போட்டு, அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் யாரு, வலது பக்கம் யாருன்னு எழுதிட்டா நடுவுல நெலம் மொளைக்காதுன்னேன். அவரும் சரின்னுட்டாரு. ஆனா மனு வந்துட்டுதாம். இனிமே அவரா அடிக்க முடியாதாம். வியாழக்கிழமை காலைல நெலத்துக்கே வராரு. ரெண்டு பக்கத்துக்காரங்களும் சேர்ந்து நின்னு, ஒரே டேப்பை ஆளுக்கு ஒரு முனையா புடிச்சு, நடுவுல ஒண்ணும் இல்லன்னு ஒரே வாயா சொல்லணுமாம்.”

“கோதண்டத்தோடயா?”

“அவரோடதான். இன்னொண்ணும் சொல்லிடறேன் நைனா.” லீலாவின் குரல் இறங்கியது. “வெள்ளிக்கிழமை சேரப்பணஞ்சேரிலேருந்து கோபாலுக்குப் பொண்ணு குடுக்கறவங்க பாக்கு மாத்தி நிச்சயம் பண்ண வராங்க. ஆவணி போனா புரட்டாசில ஒண்ணும் பண்ண முடியாது, இனிமேயும் காத்திருக்க மாட்டேன்னு கோதண்டம் மாமா சொல்லிட்டாராம். கோபால் கம்பெனில ஓ.டி. போட்டுக்கினு வூட்டுக்கே வராம கீறாரு. நீ கேக்கறதா இருந்தா அதுக்குள்ள கேட்டுடு.”

எல்லப்பன் வாயைத் திறந்தார். ‘பாக்கலாம்’ வரப்போகிறது என்று தெரிந்து பாப்பம்மாள் அவரைப் பார்த்த பார்வையில், அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

*

மறுநாள் எல்லப்பன் லூர்தம்மாள் டீக்கடைக்குப் போனார். கோதண்டம் அங்கேதான் இருப்பார் என்று தெரிந்தே போனார். இருந்தார். இருவரும் ஆளுக்கு ஒரு பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷமும் அவர்களுக்குள் ஏதாவது விஷயம் போக வேண்டுமென்றால் லூர்தம்மாள் வழியாகத்தான் போகும். வாய்க்கால் முறை, மாடு பயிரில் இறங்கியது, எல்லாம்.

“லூர்து, வியாழக்கிழமை ஆபீசர் வராராம். வரப்பாண்ட போவணுமாம். தெரியுமான்னு கேளு” என்றார் எல்லப்பன், பாய்லரைப் பார்த்து.

“தெரியுமான்னு கேக்குறாரு” என்றாள் லூர்தம்மாள்.

“தெரியும், வருவேன்னு சொல்லு. அந்தத் தணிகாசலத்துக்கு ஒரு சாண் எடம் குடுக்க மாட்டேன்னும் சொல்லு” என்றார் கோதண்டம்.

“ஒரு சாண் குடுக்க மாட்டாராம்.”

“சாண் இன்னா, ஒரு வெரக்கடை குடுத்தாலும் நான் மனுசன் இல்லன்னு சொல்லு” என்றார் எல்லப்பன்.

“யோவ், இன்னா ரெண்டு பேரும்! நான் இன்னா போஸ்டாபீஸா?” என்று லூர்தம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள். “முதுவும் முதுவும் ரெண்டு அடி தூரத்துல கீது. என் வாய் வழியா சுத்தி வரணுமா? இனிமே ஒரு சேதிக்கு ஒரு டீ குடிக்கணும் சொல்லிட்டேன்.”

எல்லப்பன் இன்னொரு டீ சொன்னார். இப்போது கேட்டுவிடலாம் என்றுதான் சொன்னார். டீ வந்தது. “லூர்து...” என்று ஆரம்பித்தார்.

“ம், சொல்லு.”

கோதண்டத்தின் முதுகு நிமிர்ந்தது. அவர் காதுகள்கூட இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது. எல்லப்பன் டீயைப் பார்த்தார். பெற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்பதை டீக்கடை வழியாகவா அனுப்புவது? வாய்க்கால் முறையா இது?

“சக்கரை கம்மியா கீது” என்றார்.

கோதண்டத்தின் முதுகு மெதுவாகத் தளர்ந்தது. “லூர்து, சக்கரைதான் பிரச்சனைன்னா எப்பவோ தீந்திருக்கும்னு சொல்லு” என்று எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

வியாழக்கிழமை காலை பாதி பென்னலூர் வாய்க்கால் மேட்டில் நின்றது. நடவுக்குத் தயாராக இரண்டு நிலத்திலும் சேறு அடித்து, தண்ணீர் கட்டியிருந்தது. ஏகாம்பரநாதன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குடையோடு வந்தார். பின்னால் படச்சுருளும் டேப்புமாக லீலா. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தணிகாசலம். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த கோபால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றான்; கண் பூராவும் சிவப்பு.

“நீங்க உங்க எல்லையில நில்லுங்க. அவர் அவருடைய எல்லையில நிக்கட்டும். டேப்பை ஆளுக்கு ஒரு முனை பிடிங்க” என்றார் ஏகாம்பரநாதன்.

எல்லப்பன் தன் சேற்றில் நின்றார். கோதண்டம் தன் சேற்றில் நின்றார். நடுவில் வரப்பு. லீலா குனிந்து அளவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

“முக்கால் அடி சார்.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று தணிகாசலம் குதித்தார். “முக்கால் அடி இருக்குன்னு அவங்களே புடிச்சுக் காட்டிட்டாங்க! அந்தக் காலத்துல அஞ்சு அடி இருந்தது, ரெண்டு பேரும் வெட்டி வெட்டி இப்பிடி ஆக்கிட்டானுங்க. எழுதிக்குங்க சார், மிச்சம் கீறது பாதை!”

“அது வரப்பு சார்!” என்றார் எல்லப்பன்.

“வரப்பு யாருடையது?” என்று கேட்டார் அதிகாரி.

“என்னுது!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வாய்க்கால் மேட்டில் சிரிப்பு வெடித்தது. ஏகாம்பரநாதன் குடையை மடக்கினார். “இதோ பாருங்க. முழுசும் உங்களுடையதுன்னா அவருக்கும் உங்களுக்கும் வழக்கு. யாருடையதும் இல்லைன்னா இவர் மனுவை நான் விசாரிச்சாகணும். ரெண்டு பேருக்கும் அது பொது எல்லைன்னா, ரெண்டு பேரும் வரப்பு மேல ஏறி ஒரே இடத்துல நில்லுங்க. உங்க எல்லை முடியற இடத்துலதான் அவர் எல்லை ஆரம்பிக்குதுன்னு நான் கண்ணால பாக்கணும்.”

இருவரும் வரப்பைப் பார்த்தார்கள். ஒரு கோழிக்கே போதாத வரப்பு. எல்லப்பன் ஒரு காலை வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து கோதண்டம் ஒரு காலை வைத்தார். வரப்பு நெளிந்தது. எல்லப்பன் பின்னால் சாய்ந்தார். கோதண்டம் சட்டென்று அவர் இடுப்பைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கோதண்டம் சாய, எல்லப்பன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். டேப் இருவருக்கும் நடுவே நசுங்கியது. இரண்டு தொப்பையும் முட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு, இருவரும் ஒருவழியாக நின்றார்கள். யார் அசைந்தாலும் இருவரும் விழ வேண்டியதுதான்.

“ஐயோ, கல்யாணப் பொண்ணு மாப்பிள்ள கணக்கா கீறாங்களே!” என்று கூட்டத்தில் ஒரு பெண் கூவினாள்.

“இடைவெளி எவ்வளவு லீலா?” என்றார் அதிகாரி.

லீலா குனிந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இடைவெளியே இல்லை சார்” என்றாள்.

“சார், இது அநியாயம்!” என்று தணிகாசலம் முன்னால் பாய்ந்தார். ஈர மண்ணில் கால் புதைந்தது. செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தேடி அவர் சேற்றில் கையை விட, அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் ஊர் போட்ட கூச்சலில் கேட்கவில்லை.

“அப்படியே இருங்க” என்றார் ஏகாம்பரநாதன். “நான் எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது.” பேனாவைத் திறந்தார். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அச்சு மாதிரி எழுதுகிறவர்கள் மெதுவாகத்தான் எழுதுவார்கள்.

எல்லப்பனின் காதுக்குள் கோதண்டத்தின் மூச்சு சூடாக இறங்கியது. அதே பழைய மூக்குப்பொடி வாசனை. இவ்வளவு கிட்டத்தில் அந்த வாசனையை முகர்ந்து எத்தனை காலம் ஆயிற்று! தோள்பட்டை இளைத்திருந்தது. மனுஷனுக்கு வயசாகிவிட்டதே என்று எல்லப்பனுக்குத் தோன்றியது. தனக்கும்தான் ஆகியிருக்கும்.

“இந்தக் காக்காகிட்ட சொல்றேன்” என்றார் கோதண்டம், எல்லப்பனின் தோளுக்கு மேலாக வானத்தைப் பார்த்து. அங்கே காக்காய் எதுவும் இல்லை. “நாளைக்குச் சேரப்பணஞ்சேரிலேருந்து வராங்க. பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா என் புள்ள மூணு நாளா சோறு துண்ணல. நான் இன்னா பண்றது? ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டேங்கறான்.”

பேனா காகிதத்தில் ஊர்கிற சத்தம் கேட்டது.

“கௌரவம் ரெண்டு பேருக்கும்தான் கீது” என்றார் கோதண்டம், இப்போது குரல் கொஞ்சம் கம்மி. “அன்னிக்கு நான் சொன்னது தமாசுக்குத்தான். ஊரே சிரிச்சுதேன்னு நானும் ஒண்ணு சொல்லிட்டேன். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் சொல்ற நாளு தாண்டிப் போச்சு.”

எல்லப்பன் தலையை மெல்லத் திருப்பினார். கோதண்டத்தின் மூக்குக்கு மேலாகத் தெரிந்தது வாய்க்கால் மேடு. பாப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சைக்கிள் பக்கத்தில் கோபால், தூக்கம் இல்லாத கண்ணோடு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். காலடியில் லீலா, டேப்பின் சுருளைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். அவள் நிமிரவில்லை, பார்த்த அளவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சு, கடைசி வரி” என்றார் அதிகாரி.

எழுதி முடித்துவிட்டால் இறங்கிவிடலாம். இறங்கிவிட்டால் அவர் சேற்றுக்கு அவர், இவர் சேற்றுக்கு இவர். நாளை வெள்ளிக்கிழமை. ‘பாக்கலாம்’ என்ற வார்த்தை வழக்கம்போல எல்லப்பனின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதை அவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். கோதண்டத்தின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வாய்க்கால் மேட்டில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏனோ அடங்கினார்கள்.

“மச்சான்” என்றார், ஊருக்கே கேட்கும்படி. “ஒன் புள்ள கோபாலை என் பொண்ணு லீலாவுக்குக் குடுய்யா.”